பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு பள்ளிகளின் படங்களையும் பார்த்தேன். சுவரெல்லாம் பளபளவென்றுதான் இருக்கிறது. படத்தில் தெரியாததை நீதான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சாதாரண நாளில், காலை பத்தரைக்குப் போ. சேர்க்கை நாளன்று எல்லாமே ஜோடனை.

முதலில் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது என்று பார். 3 வயதுப் பிள்ளைகளிடம் பென்சிலும் நாலு கோடு நோட்டும் என்றால் எழுந்து வந்துவிடு. மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. அந்த வயதில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகியிருக்கும், மற்றது குருத்தெலும்பு. அந்தக் கையை எழுத வைத்தால் பாப்பா பென்சிலை முஷ்டியாகப் பிடித்து, தோளிலிருந்து அழுத்தி, தாளைக் கிழிப்பாள். அந்தப் பிடி படிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. எழுத்துக்கு முன்னால் வர வேண்டியது களிமண் பிசைவதும் மணி கோப்பதும்தான்.

வீட்டிலும் செய்யலாம். ஒரு தாம்பாளத்தில் இரண்டு டம்ளர் வை, ஒன்றில் முக்கால் அளவு ராகி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றட்டும். சிந்தினால் திட்டாதே, சிந்தியதைப் பொறுக்குவதும் விரலுக்கு வேலைதான். ராகி வசப்பட்ட பிறகு தண்ணீர். காலையில் நீ கோலம் போடும்போது அவளையும் நாலு புள்ளி வைக்கச் சொல். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் சேர்ந்து மாவை விடுகிறதே, நாளைக்குப் பென்சில் பிடிப்பதும் அதே மூன்று விரல்தான்.

1 முதல் 20 வரை சொல்கிறாள் என்றாய். சந்தோஷம், ஆனால் அது பாட்டு. "மூணு புளியங்கொட்டை கொடு" என்று கேட்டுப் பார். கை நிறைய அள்ளிக் கொடுத்தால் எண் இன்னும் வரவில்லை. பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுப் பழகட்டும். கூடவே உட்கார்ந்திரு, கொட்டை மூக்குக்குள் போய்விடும்.

வீட்டில் இங்கிலீஷே பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னால் தலையாட்டிவிட்டு வா. கதை கேட்பதும், ஏன் எதற்கு என்று வாயாடுவதும் தமிழில் நன்றாக வந்தால், அந்தப் புத்தி மற்ற மொழிக்கும் கூடவே போகும். பள்ளியில் முதல் சில மாதம் வாயே திறக்காமல் இருக்கலாம், புது மொழியைக் காதில் வாங்குகிறாள் என்று விடு. வீட்டிலும் பேச்சு குறைந்தால் மட்டும் காதைப் பரிசோதிக்க வேண்டும். பெங்களூரில் ஆயாம்மா பெரும்பாலும் கன்னடம்தான் பேசுவார். "நீரு பேக்கு" என்று தண்ணீர் கேட்க மட்டுமாவது சொல்லிக்கொடு.

முதல் வாரம் ஒரு மணி நேரம் விட்டால் போதும். அவள் விளையாடும்போது நைசாக நழுவி வராதே. ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், விளையாட்டு எங்கே ஏறும்? "சாப்பிட்டதும் அம்மா வருவேன்" என்று சொல்லிவிட்டு, அழுதாலும் கிளம்பு. சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நில். அழுகை இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் சாப்பாட்டை ஒதுக்கினால், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பினால், கோளாறு பள்ளியிலா என்று பார்.

20 பிள்ளைக்கு ஒரு டீச்சராவது இருக்க வேண்டும், கூட ஒரு ஆயா. ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கிறார்களா, சண்டை வந்தால் டீச்சர் என்ன செய்கிறார் என்றும் கவனி. ஆண்டு விழாவுக்கு மாதக்கணக்கில் டான்ஸ் பழக்கும் இடம் எனக்குப் பிடிக்காது, மாப்பிள்ளைக்குப் பிடிக்கும், தெரியும். பெயர் பெற்ற பள்ளி என்று, வண்டி நகராத அந்த சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வேனில் ஏற்றாதே. நடந்து போகும் தூரத்தில் சுமாரான பள்ளி இருந்தால் அதுவே மேல். 1ஆம் வகுப்பு 6 வயதில்தான், நர்சரி, எல்கேஜி, யுகேஜி என்று மூன்று வருடம் கையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுப் போன் பண்ணு. கழிப்பறைக் கதவைத் திறந்து பார்க்காமல் வராதே: தரை காய்ந்திருக்கிறதா, குழாய் அவள் உயரத்துக்கு எட்டுமா என்று.

அம்மா