கண்ணாடியில் போன ரசம்

அன்புள்ள கயல்விழிக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அப்பத்தாவின் நிலைக்கண்ணாடியில் ரசம் போய்விட்டது என்று நான் சொன்னதற்கு, சாப்பாட்டு ரசத்துக்கும் கண்ணாடிக்கும் என்ன உறவு என்று கேட்டாய். அன்று பாதிதான் சொன்னேன்; மீதியை எழுதாமல் எனக்கு மனம் ஆறவில்லை.

ரசம் வடசொல். சாறு, நீர்மம், சுவை என்பவை அதன் முதற்பொருள்கள். புளியும் மிளகும் கரைத்து வைக்கும் ரசம் அந்த வழியில் வந்தது. உலோகமாய் இருந்தும் நீர்போல் ஓடுவதால் பாதரசத்துக்கும் அதே சொல் பெயராயிற்று. உனக்கு எட்டு வயதில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் விழுந்து உடைந்தது நினைவிருக்கிறதா? சிவப்புச் சிமென்டுத் தரையில் சிதறிய மணிகளை நான் அட்டை விளிம்பால் ஒதுக்க, அவை ஒன்றையொன்று தொட்ட கணமே ஒரே உருண்டையாயின. தரையில் ஈரத்தின் சுவடே இல்லை. நீ தொடவந்தபோது கையைத் தட்டிவிட்டேன், அது நஞ்சு என்பதால்.

சித்த மருத்துவர்கள் பாதரசம் சேர்ந்த மருந்துகளை இன்றும் ரச செந்தூரம், ரசகந்தி மெழுகு என்கிறார்கள். சூதம் என்பதும் அவர்கள் வழக்கில் பாதரசத்தின் பெயரே. இதள் என்றொரு பழைய பெயரும் உண்டு. அதிலிருந்துதான் இதளியம் என்ற கலைச்சொல்லை ஆக்கினார்கள். ஆனால் மக்கள் நாவில் நின்றது ரசம்தான். ரசத்தைக் கட்டிப் பொன் செய்யலாம் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த சொல் ரசவாதம். திருவிளையாடற் புராணத்தில் திருப்பூவணத்துப் பொன்னனையாளின் பாத்திரங்களைச் சித்தராக வந்த இறைவன் பொன்னாக்கும் பகுதிக்கு இரசவாதம் செய்த படலம் என்றே பெயர். அங்கே அவர் திருநீறு தூவித் தீயிலிடச் சொல்வதாகவே கதை நடக்கிறது. எதைக் கொண்டு பொன் செய்தாலும் ரசவாதம் என்னும் அளவுக்குச் சொல் விரிந்துவிட்டதை அதில் காண்கிறேன்.

கண்ணாடிக்கும் இதே கதைதான். முற்காலத்தில் கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயத் தகட்டையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் வெள்ளி பூசும் முறையைக் கண்டபின் பாதரசம் படிப்படியாக விலகியது. பூச்சின் பெயர் மட்டும் ரசமாகவே நின்றுவிட்டது. அப்பத்தாவின் கண்ணாடியில் உதிர்ந்திருப்பதும் அநேகமாக வெள்ளியாகவே இருக்கும்.

நீ படிக்கும் ரசாயனத்தையும் இந்த வரிசையில் சேர்க்க உனக்குத் தோன்றும். அவசரப்படாதே, அம்மா. ஆயுர்வேதத்தில் ரசாயனம் என்பது முதுமையைத் தள்ளிவைத்து உடலுக்கு வலுவூட்டும் மருத்துவம். அங்குள்ள ரசம் உடலின் சாரத்தைக் குறிக்கும், பாதரசத்தை அன்று.

கண்ணாடியின் இடது ஓரத்தில் பழுப்புத் திட்டுகள் படர்ந்திருக்கின்றன. நடுவில் முகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது; ஆகவே நீ வரும்வரை புதிதாக ரசம் பூசக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா