நாஷ்வில் மட்டுமன்று, மவுண்ட் ஏரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நாட்டுப்புறங்களில் பிறந்த கன்ட்ரி இசைக்கும் வானொலிக்கும் உள்ள உறவைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1925இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிலையத்தில் தொடங்கிய சனிக்கிழமை நிகழ்ச்சி 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யாக வளர்ந்த கதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால், படித்து முடிப்பவர் மனத்தில் அந்த இசையை வளர்த்த பெருமை முழுவதும் நாஷ்வில்லுக்கே உரியது என்ற எண்ணம் தங்கிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வட கரோலினா, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையை ஒட்டி, புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில், வெண்ணிறக் கிரானைட் கல்லுக்குப் பேர்போன மவுண்ட் ஏரி என்ற சிற்றூர் உள்ளது. 1948 பிப்ரவரி 2ஆம் நாள் ரால்ஃப் எப்பர்சன் என்பவர் அங்கே டபிள்யூ.பி.ஏ.கியூ. என்ற நிலையத்தைத் தொடங்கினார். பகல் வேலை முடிந்து வீட்டு வாசலில் பிடிலும் பாஞ்சோ என்ற நரம்புக் கருவியும் வாசித்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துக் குடியானவர்களையும் தொழிலாளர்களையும் ஒலிவாங்கியின் முன் நேரடியாக வாசிக்கச் செய்ததுதான் அவருடைய பெரும்பணி. பக்கத்துக் கிராமமான ரவுண்ட் பீக்கின் பெயரால் ஒரு வாசிப்பு மரபே வழங்குமளவுக்கு இசை செழித்த வட்டாரம் அது. பின்னாளில் நாட்டின் உயரிய நாட்டார் கலை விருதைப் பெற்ற டாமி ஜாரல், அந்த மரபில் வந்தவர்; நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்செய்யும் இயந்திரம் ஓட்டிப் பிழைத்தவர்.

ராக் அண்ட் ரோல் வந்தபோதும், நாஷ்வில் இசையே மெருகேறி உருமாறியபோதும், எப்பர்சன் உள்ளூர் இசையைக் கைவிடவில்லை. இது எளிதான முடிவன்று. இந்நிலையம் ஒலிபரப்பும் 740 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை கனடாவில் டொரண்டோவின் பெரிய நிலையம் ஒன்றுக்கும் உரியது. இத்தகைய மத்திய அலை ஒலிபரப்பு இரவில் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும் என்பதால், பகலில் 10,000 வாட்டில் ஒலிக்கும் இந்நிலையம் அந்தப் பெரிய நிலையத்துக்கு இடையூறாகாதபடி இருட்டியதும் தன் திறனை மிகவும் குறைத்துக்கொள்ள வேண்டும். 1996ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடெங்கும் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியபின், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒரே கையில் சேர்ந்தன. ஊருக்கு ஊர் ஒரே பாட்டுப் பட்டியல் ஒலிக்கத் தொடங்கியது. அந்த நாளிலும் டபிள்யூ.பி.ஏ.கியூ. விலைபோகவில்லை. 2006இல் எப்பர்சன் மறைந்தபின் அவர் மகன் அதைத் தொடர்ந்து நடத்தினார்.

தொடக்க ஆண்டு முதல் நடந்துவரும் 'மெரி-கோ-ரவுண்ட்' என்ற சனிக்கிழமை நிகழ்ச்சியைக் கேட்க, சென்ற ஆண்டு ஒன்றரை மணி நேரம் காரோட்டிச் சென்றேன். மெயின் தெருவின் பழைய திரையரங்கில், மேடைக்குக் கீழே, இரும்பு லாடம் அடித்த காலணியுடன் முதியவர் ஒருவர் ஆட வந்தார். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை. பாதங்கள் மட்டும் தாளம் பிசகாமல் தரையைத் தட்டின. வீடு திரும்ப வேண்டியிருந்ததால் பாதியில் எழுந்து வந்து கார் வானொலியைத் திருப்பினேன். விட்டு வந்த பாட்டின் மிச்சம் அதில் கேட்டது. பிடிலுக்கு அடியில் அந்தக் காலடியோசையும் கேட்டது. ஊர் எல்லை தாண்டியும் வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் 1946இல் ஒலிக்கத் தொடங்கிய டபிள்யூ.சி.ஒய்.பி. நிலையமும் இவ்வாறு பேசப்பட வேண்டியதே. மலைநாட்டுப் பாடகர்களான ஸ்டான்லி சகோதரர்கள் பேரெடுத்தது அதன் நண்பகல் நிகழ்ச்சியில்தான். கட்டுரையாளர் இந்தச் சிற்றூர் நிலையங்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றும், அதைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சார்லட், வட கரோலினா