சுயஉருவம் செதுக்கக் கைபேசி வேண்டாம், கண்ணாடி கொடுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மாணவர்களுக்குப் பதிப்போவிய (கட்டையில் செதுக்கி அச்சிடும் ஓவிய) முகாம் நடத்துவோருக்கு,

வணக்கம். பிளைவுட் துண்டு, ‘வி’ உளி, கைபேசியில் எடுத்த செல்ஃபி. இந்த மூன்றையும் கொடுத்து முகத்தைச் செதுக்கச் சொன்னால் கிடைப்பது வுட்கட், அதாவது பலகையின் நீளவாக்கு முகத்தில் வெட்டி எடுக்கும் அச்சு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நோட்டீஸில் வுட் என்கிரேவிங் என்று அச்சிடாதீர்கள்.

என்கிரேவிங்குக்கு மரத்தைக் குறுக்கே அறுத்த முகம் வேண்டும். அங்கே இழைகள் செங்குத்தாக நிற்பதால் கருவி எந்தப் பக்கம் திரும்பினாலும் பிசிறு கிளம்பாது. இமை மயிர்கூட அச்சில் தெளிவாக விழும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தாமஸ் பெவிக் என்ற செதுக்கோவியர் இதை வளர்த்தெடுத்தது பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தில். நமக்குக் காய்ந்த கொய்யா மரம் போதும். முழு வட்டமாக அறுத்து வெயிலில் போட்டால் நடுவிலிருந்து வெடித்துவிடும். அறுத்ததும் நான்காகப் பிளந்து, நடுத்தண்டை நீக்கி, இரு முகத்திலும் மெழுகு பூசி, நிழலில் பல மாதம் விட வேண்டும். முகாமுக்கு முந்தின வாரம் மரக்கடைக்கு ஓடுவது வீண். டிரெடில் மிஷினில் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்) அச்சிடுவதானால் கட்டையின் உயரம் 23.3 மி.மீ.; ஈய எழுத்தின் உயரமும் அதுதான். ஆளுக்கு 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் தாராளம்.

கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாள் வைத்து, 400, 600, 1000 என்று வரிசையாகக் கட்டையின் முகத்தைத் தேய்த்து, கறுப்பு மை மெலிதாகப் பூசுங்கள். மையில் தண்ணீர் அதிகமானால் இழை எழும்பிவிடும்.

இனி முகம். கண்ணாடியில் தெரிவதை அப்படியே கட்டையில் வரைந்தால், அச்சில் இடவலம் மாறி, ஊரார் பார்க்கும் முகம் வந்துவிடும். இடப்பக்க வகிடு இடப்பக்க வகிடாகவே இருக்கும். புகைப்படத்தை நேராகப் பிரதியெடுத்தால் மூக்குத்தி இடம் மாறும், சட்டைப் பை வலப்பக்கம் போகும். செல்ஃபியைச் சில கைபேசிகள் திருப்பிச் சேமிக்கும், சில சேமிக்காது; அந்தக் குழப்பமே வேண்டாம். பெயரை மட்டும் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

வெட்டியது வெள்ளை, விட்டது கறுப்பு. பென்சில் ஓவியம்போல முகத்தைச் சுற்றிக் கோடு போடும் மாணவர்தான் அதிகம்; அச்சில் அது கரியில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி நிற்கும். ஒரே பக்கம் விளக்கு வைத்து, வெளிச்சம் படும் நெற்றி, மூக்குத்தண்டு, கன்னம் இவற்றை மட்டும் வெட்டட்டும். கண்ணின் வெண்மையை முழுக்கத் தோண்டினால் பேயறைந்த முகம். பதிப்போவியர் ஹரேன் தாஸின் வங்கக் கிராமக் காட்சிகளைப் பக்கத்தில் வையுங்கள்; கருமைக்குள்ளிருந்து வெளிச்சத்தை எப்படி எடுப்பதென்று அவை காட்டும்.

செதுக்கும் கருவியான கிரேவரின் பிடி உள்ளங்கையில் அடங்க வேண்டும். கட்டைவிரல் மரத்தில் ஊன்றியிருக்க வேண்டும். வளைகோட்டுக்குக் கருவியைத் திருப்பாமல் கட்டையைத் திருப்புவதுதான் முறை. அதற்குக் கட்டையின் கீழே மணல் அடைத்த தோல் மெத்தை வேண்டும். இதை வெளியூரில் வாங்குவது நமக்கு அவமானம்: ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் துண்டு கிடைக்காதா? பாலாற்று மணலைச் சலித்து, நன்றாகக் காயவைத்து, இரட்டைத் தையல் போடுங்கள். ஒரு படி மணலுக்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

முனை மழுங்கினால் கருவி வழுக்கிக் கன்னத்தில் கீறும். அதை அழிக்க வழியில்லை. எண்ணெய்க்கல் எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

மை எண்ணெய் மையாக, கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் மை மரத்தை ஊதவைத்து மெல்லிய கோடுகளை அடைத்துவிடும். ரோலரைச் சின்னச் சின்னதாகப் பலமுறை ஓட்டுங்கள். மெல்லிய வழவழத்தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே அச்சு வரும். சார்ட் பேப்பர் உதவாது. துடைக்கத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும்.

மே மாத விடுமுறையில் முகாம் வைப்பது வழக்கமாகிவிட்டது. வேலூர் வெயிலில் மை இளகும், துண்டுகளை ஒட்டிச் செய்த கட்டை ஒட்டு விட்டுப் பிளக்கும். அடுத்த முகாமைக் கார்த்திகைக்கும் தைக்கும் நடுவில் வையுங்கள். இரண்டு நாள் போதாது, ஐந்து நாளாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வட ஆற்காட்டுப் பதிப்போவியர் சிலர்