சித்தப்பா இல்லாத பிள்ளைகள்: திரைப்படப் பயிற்சி நிறுவனம் தொடங்கவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைத் திரைப்படத் தொழிலுக்குப் பழக்கும் சமூக நிறுவனம் ஒன்றைத் தொடங்கப்போவதாகச் சொல்லி, கருத்துக் கேட்டு வரைவை அனுப்பியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். பதிலைத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் வேறு சிலரும் ஏறத்தாழ இதே வரைவைத்தான் பெயரை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிப்பதிவு செய்பவன். 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உங்கள் வரைவில் இயக்கத்துக்கு 9 வாரம், திரைக்கதைக்கு 6 வாரம், ஒளிப்பதிவுக்கு 5 வாரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒலிக்கு இரண்டு நாள். (வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதுவும் கொஞ்சம் உண்டு.) தயாரிப்புக் கணக்கு, காட்சித் தொடர்ச்சியைக் கவனிப்பது, எடுத்த காட்சிகளைப் படியெடுத்துப் பாதுகாப்பது ஆகியவை பாடத்திட்டத்தில் எங்குமே இல்லை. வாங்க வேண்டிய கேமராக்களின் பட்டியல் மட்டும் நான்கு பக்கம் ஓடுகிறது. பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு முழுப் பக்கம். படித்து முடித்தவர் எங்கே வேலைக்குப் போவார் என்பதற்கு ஒரே வரி: "வேலைவாய்ப்புக்கு உதவப்படும்." யார் உதவுவார்கள்? செயப்பாட்டு வினையில் எழுதிய வாக்குறுதியை யாரும் நிறைவேற்றி நான் பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்களை ஒரு முறை உட்கார்ந்து எண்ணிப்பாருங்கள். இயக்குநர் ஒருவர். அவருக்குப் பின்னால் ஃபோகஸ் பார்ப்பவர், லைட்மேன், பூம் (நீண்ட கம்பில் கட்டிய மைக்) பிடிப்பவர், உடைகளுக்குப் பொறுப்பானவர், கணக்காளர், படத்தொகுப்பு உதவியாளர், ஓட்டுநர் என்று பெயர்கள் போய்க்கொண்டே இருக்கும். வசதியில்லாத பிள்ளையின் முதல் சம்பளம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அவர்கள் இயக்குநர் ஆகட்டும், நன்றாக ஆகட்டும். வீட்டு வாடகையைக் கட்டிக்கொண்டே ஆகட்டும் என்கிறேன்.

நான் வந்த கதையைச் சொன்னால் எங்கிருந்து பேசுகிறேன் என்பது புரியும். வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் ஒரு பயிற்சி மையத்தில் 10 மாதம் படித்தேன். பெயர் வேண்டாம். மைக்ரோஃபோன்களின் வகைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண். முதன்முதலாகத் தளத்துக்குப் போன அன்று, வேலை முடிந்ததும் ஒலிப்பதிவாளர் ஒரு நீளமான கேபிளை என் பக்கம் தள்ளிச் சுற்றச் சொன்னார். கொடிக்கயிறு சுற்றுவதுபோல் உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தரையில் வீசினார். கேபிள் முறுக்கிக்கொண்டு பாதி வழியில் நின்றது. பிறகு அவரே சுற்றினார்: ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக, மறுபடியும் நேராக. வீசினார். கடைசி வரை நேராகப் போய் விழுந்தது. ஒரு சிக்கல் இல்லை. அப்படிச் சுற்றினால்தான் உள்ளே கம்பி முறுக்கேறாது, மறுநாள் விடியுமுன் இருட்டில் விரிக்கும்போது கழுத்தறுக்காது.

10 மாதத்தில் யாரும் சொல்லித்தராததைச் சொல்லித்தர அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு ஏழு மாதம் அவரிடம் சம்பளமில்லாமல் நின்றேன். நிற்க முடிந்தது, ஏனென்றால் என் அக்கா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னோடு படித்தவர்களில் என்னைவிடக் காது கூர்மையான ஒருவன் இருந்தான். அவன் வீட்டில் அப்படி யாரும் இல்லை. இரண்டாம் மாதமே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

உங்கள் நிறுவனம் அவனுக்காகத்தான் என்றால், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். "முதல் மாணவர் அணிக்குப் பிறகு பரிசீலிக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் அணியிலேயே அவன் போய்விடுவான்.

சம்பளமில்லாத பயிற்சி பெரிய ஸ்டுடியோக்களிலும் வழக்கு வரை போயிருக்கிறது. 'பிளாக் ஸ்வான்' படத்தில் ஊதியமின்றி வேலை பார்த்த பயிற்சியாளர்கள் 2011இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களை ஊழியர்களாகவே கருத வேண்டும் என்று 2013இல் நீதிமன்றம் சொன்னது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்துவிட்டு வேறொரு அளவுகோலை வைத்தது: இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது யார், பயிற்சியாளரா, நிறுவனமா? அவர் சம்பளக்காரரின் வேலைக்குத் துணையாக நிற்கிறாரா, சம்பளக்காரரை அகற்றிவிட்டு அவர் இடத்தில் நிற்கிறாரா என்பதும் அதில் அடங்கிய ஒரு கேள்வி. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இந்தக் கேள்வியை மட்டும் உங்கள் விதிகளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தளத்துக்கு நீங்கள் அனுப்பும் பிள்ளை எப்போதும் கூடுதல் ஆளாக இருக்க வேண்டும். பூம் பிடிக்க ஆள் வைக்காமல் மிச்சம் பிடிப்பதற்காக உங்களிடம் ஆள் கேட்கும் தயாரிப்பாளரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இனிப் பணம். வரைவின்படி வருமானத்தில் பெரும்பங்கு மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது. வசதியுள்ளவர்கள் கட்ட, இல்லாதவர்களுக்குச் சலுகை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டணத்தில் நடக்கும் இடத்துக்கு, மாணவர் சேர்ந்த அன்றே காரியம் முடிந்துவிடுகிறது. பிறகு அவருக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. நான் படித்த மையத்தில் கெட்டவர்கள் யாரும் இல்லை. கணக்கு அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வேலை எடுத்துச் செய்து சம்பாதியுங்கள். நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் குறும்படங்கள், துணைத்தலைப்பு, இரைச்சல் நீக்கி ஒலியைச் சீர்செய்வது, படப்பிடிப்பில் காட்சிகளைப் படியெடுத்துக் காப்பது. கடைசியாகச் சொன்னது சின்ன வேலைபோலத் தெரியும். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது அந்த வேலையின் பால பாடம். சரிபார்க்காமல் ஒரு மெமரி கார்டை அழித்துவிட்டால் ஒரு நாள் படப்பிடிப்பே போய்விடும். அந்தப் பொறுப்பை ஏற்கப் பழகிய 19 வயதுப் பெண்ணை எந்தத் தயாரிப்பு நிர்வாகியும் மறுபடி கூப்பிடுவார்.

இதிலும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் 2002இல் லண்டனில் 'ஃபிஃப்டீன்' என்ற உணவகத்தைத் தொடங்கி, வேலையில்லாத இளைஞர்களைச் சமையல் தொழிலுக்குப் பழக்கினார். 2019இல் அவருடைய உணவகக் குழுமம் நொடித்தபோது அதுவும் மூடப்பட்டது. வியாபாரத்தின் தோளில் பயிற்சியை ஏற்றினால், வியாபாரம் விழும்போது பயிற்சிக்கும் அடிபடும். வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்தே பணம் தருவார்கள் என்று வைத்துக்கொண்டு, ஓர் அணியின் உதவித்தொகை முழுவதையும் தொடாத பணமாகத் தனியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். லாபம் பயிற்சிக்கே திரும்பும், சொத்தை யாரும் பங்கு போட முடியாது என்பதை நிறுவன விதிகளிலேயே கட்டிவையுங்கள். பிரிட்டனில் 2005இல் இதற்கென்றே தனி நிறுவன வகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உங்களுக்குப் பொருந்தும் வடிவத்தை வழக்கறிஞர் சொல்வார்.

அந்த நான்கு பக்கக் கேமராப் பட்டியலைக் கிழித்துவிடலாம். 1919இல் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளி உலகின் மிகப் பழைய திரைப்படப் பள்ளிகளில் ஒன்று. ஃபிலிம் தட்டுப்பாடான அந்த நாள்களில் அங்கே சொல்லித்தந்த இயக்குநர் லெவ் குலெஷோவின் பட்டறையில் ஃபிலிம் இல்லாமலே படம் எடுத்தார்கள்; ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடித்துக் காட்டினார்கள். கேமரா வாடகைக்குக் கிடைக்கும், மூன்றாண்டில் பழசாகும். கேபிள் வாங்குங்கள்.

சேர்க்கைக்கு "முன்பே எடுத்த ஒரு குறும்படம்" கேட்டிருப்பதையும் நீக்குங்கள். கேமரா வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைதான் அதைக் கொண்டுவரும். இயக்குநர் லாஜ் லி 2018இல் பாரிஸின் புறநகரான மோன்ஃபெர்மேயில் தொடங்கிய கூர்த்ராஜ்மே பள்ளி இலவசம். பட்டம் எதுவும் கேட்பதில்லை. ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து காதில் விழுந்த ஒலிகளை எல்லாம் எழுதித் தரச் சொன்னால் எனக்குப் போதும்.

வேலை நேரத்தைப் பற்றி வரைவில் ஒரு சொல்கூட இல்லை. 1997இல் அமெரிக்காவில் ஓர் உதவி ஒளிப்பதிவாளர், 19 மணி நேர வேலை முடிந்து கார் ஓட்டிச் சென்ற வழியில் தூங்கிவிட்டு விபத்தில் இறந்தார். ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் அதை வைத்து 2006இல் ஆவணப்படமே எடுத்தார். உங்கள் பிள்ளைகள் எத்தனை மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள், இரவு எந்த வண்டியில் வீட்டுக்குப் போவார்கள், தளத்தில் ஒருவன் தவறாக நடந்தால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த எண்ணை எடுப்பவர் படத்தோடு சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும்.

2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த இரண்டு சங்கங்களிலும் இல்லாத லைட்மேன்களும் ஒப்பனைக்காரர்களும் சேர்ந்தே வீட்டில் உட்கார்ந்தார்கள். இந்தத் தொழிலில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும். ரசீது எழுதுவது, பாக்கியைக் கேட்டு வாங்குவது, வேலையில்லாத மாதத்துக்கு எடுத்துவைப்பது ஆகியவற்றுக்கு இயக்கத்திலிருந்து இரண்டு வாரத்தை எடுங்கள்.

கடைசியாக, அந்தச் செயப்பாட்டு வினை. படப்பிடிப்பு வேலை விளம்பரத்தில் வருவது அரிது. முதல் நாள் இரவு ஃபோனில் வரும்: "நாளைக்கு ஒரு ஆள் குறைகிறது, தெரிந்த பையன் யாராவது இருக்கிறானா?" அந்த நேரத்தில் யாருடைய சித்தப்பா தொழிலில் இருக்கிறாரோ அந்தப் பிள்ளை போகும். உங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சித்தப்பா கிடையாது. ஆகவே உங்களில் ஒருவருக்கு முழுநேர வேலையே இதுவாக இருக்க வேண்டும்: தயாரிப்பு நிர்வாகிகளைத் தெரிந்து வைத்திருப்பது, இரவு 10 மணிக்கு ஃபோனை எடுப்பது, யாரை அனுப்பலாம் என்று யோசிக்காமல் சொல்வது, மறுநாள் மாலை "எப்படி இருந்தாள்?" என்று கேட்பது. பாடத்திட்டத்தை எழுதுமுன் இந்த ஆளை வேலைக்கு எடுங்கள். 20 நிர்வாகிகளைப் பார்த்து, எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று அவர் கேட்டு வரட்டும். பாடத்திட்டம் பாதி தானாக எழுதிக்கொள்ளும்.

எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்ற பத்தியை எடுத்துவிட்டு, படித்து முடித்து இரண்டு ஆண்டு கழித்து எத்தனை பேர் இந்தத் தொழிலில் சம்பளம் வாங்குகிறார்கள் என்று போடுங்கள். முதல் ஆண்டுகளில் அந்த எண் சிறிதாகத்தான் இருக்கும். நன்கொடையாளர்களுக்கு அதையே காட்டுங்கள்.

திருத்திய வரைவை அனுப்பினால் மறுபடி படிக்கிறேன். படப்பிடிப்பு இல்லாத சனிக்கிழமைகளில் வந்து சொல்லித்தரவும் தயார். கேபிள் நானே கொண்டுவருகிறேன். அதுவரை விழா மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஓர் ஒலிப்பதிவாளன்