பெயர் கேட்காமல் விட்ட ஓட்டோ அண்ணைக்கு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் குண்டு வெடித்த தேவாலயங்களை, கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என்று வானொலி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தங்கச்சி இருந்தது கட்டுவாப்பிட்டிப் பக்கம். வாட்ஸ்அப் முடக்கம், என் போனில் காசும் இல்லை. யாழ்ப்பாணம் குருநகர் வீதியோரம் அம்மா செபமாலையோடு குந்திவிட்டா.

நீங்கள் ஓட்டோவை நிறுத்தி உங்கள் போனைத் தந்தீர்கள். பத்துப் பதினைந்து தடவை கோல் எடுத்திருப்பேன். அவள் "அக்கா" என்றதும் உங்களுக்கும் கண் கலங்கியது. நெற்றித் திருநீறு வியர்வையில் பாதி அழிந்திருந்தது, அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்புறம் ஊரடங்குக்கு முன் எங்களை வீட்டில் இறக்கினீர்கள். காசு நீட்டினால், "வையும் பிள்ளை" என்று போய்விட்டீர்கள். பெயர் கேட்காதது என் மடத்தனம்.

மிக்க நன்றி அண்ணை.