பட்வா பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்ல அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
கம்பாலாவில் வசிக்கும் பள்ளி ஆசிரியர்

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சர் அவர்கள்,
சுற்றுலா, வனவிலங்கு மற்றும் தொல்பொருள் துறை,
உகாண்டா அரசு, கம்பாலா

பொருள்: காட்டுப் பழங்குடியினரான பட்வா மக்களின் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுடன் தென்மேற்கு உகாண்டாவின் புவிண்டி, முகாகிங்கா காடுகளுக்குள் சென்றுவர அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் முகாகிங்காவில் பட்வா மக்கள் வழிகாட்டும் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்தேன். முன்னால் போன பெரியவர் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சுழற்றினார். காய்ந்த நார் புகைந்து நெருப்புப் பிடித்தது. வழியில் ஓர் இலையைக் கசக்கி முகரச் சொன்னார், வயிற்று வலிக்கு என்றார். கடைசியில் கராமா குகை. அந்த இருட்டுக்குள் பெண்கள் பாடிய பாட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே வந்ததும், அவருடைய பேரனுக்கு அந்த இலை தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினார். பையன் காட்டுக்குள் வந்ததே இல்லையாம். கட்டணம் கட்டிய எனக்குக் கிடைத்த பாடம் அவருடைய சொந்தப் பேரனுக்குக் கிடைக்கவில்லை.

1991-இல் இவ்விரண்டு காடுகளும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டபோது அங்கே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தேனும் இறைச்சியும் கொடுத்து, காட்டை ஒட்டி வாழும் பகிகா இன விவசாயிகளிடம் சோளமும் பீன்ஸும் வாங்கி வந்தவர்கள் அவர்கள். இன்று பலர் அதே மலைச்சரிவுகளில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் கொத்துகிறார்கள். உரிய இழப்பீடு இல்லாமல் அவர்கள் வெளியேற்றப்பட்டதை 2021 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பகிகா மக்களின் மரபுக்குக் காடு ஓரளவு கதவு திறந்திருப்பதையும் சொல்ல வேண்டும். புவிண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், 'எங்கோசி' என்ற பின்னிய தூளியில் படுக்கவைத்து, அக்கம்பக்கத்தார் தோள் மாற்றித் தோள் மாற்றி மலையிறக்குவார்கள். அதற்கென்றே ஊருக்கு ஊர் சங்கம் உண்டு. அந்தத் தூளி பின்னும் கொடி காட்டில்தான் கிடைக்கிறது. கொடி, மூலிகை, தேன்கூடு ஆகியவற்றுக்காகக் குறிப்பிட்ட பகுதிகளில் ஊர் மக்களை அனுமதிக்கும் ஒப்பந்தங்கள் 1990-களிலிருந்தே இருக்கின்றன. நல்ல ஏற்பாடு அது, அப்படியே தொடர வேண்டும். கொடி எடுக்க ஒரு வழி உண்டென்றால், பிள்ளைக்குக் காட்டைச் சொல்லித்தரவும் ஒரு வழி இருக்கலாம் அல்லவா?

ஆகவே நான் கேட்பது இதுதான். வருடத்தின் மூன்று பள்ளி விடுமுறைகளிலும் சில நாட்கள், சுற்றுலாப் பயணிகள் யாரும் இல்லாமல், பட்வா பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்ல அனுமதிக்க வேண்டும். கட்டணம் வாங்கக் கூடாது. எந்த இடம், எந்தப் பாட்டு, எதைச் சொல்லித்தருவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மனிதரிடமிருந்து அங்கே வாழும் மலைக் கொரில்லாக்களுக்கு நோய் தொற்றும் என்ற கவலை நியாயமானது. அதனால் கொரில்லாக் கூட்டங்கள் நடமாடாத பகுதியாகப் பார்த்து, வனக்காவலர் துணையுடன் அனுப்பலாம். வேட்டைக்கு அனுமதி கேட்கவில்லை.

நிலமும் இழப்பீடும் தனி விஷயம். இந்த அனுமதியைக் காட்டி அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அடுத்த விடுமுறைக்கு முன்பே பட்வா பெரியவர்களை நேரில் அழைத்துப் பேசி, ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)