பிள்ளைகளை நிற்க வைத்து மதிப்பெண் பேசாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியருக்கும் பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று நடந்தது உங்களுக்கும் தெரியும், வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் தெரியும். என் மகளின் மதிப்பெண்களை எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தீர்கள். பக்கத்தில் நின்ற பெண்ணின் பட்டியலை வாங்கி, இரண்டையும் சேர்த்து வைத்துக் காட்டினீர்கள். "வீட்டில் கண்டிப்பு போதாது, கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள்" என்று என்னிடம் சொன்னீர்கள். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும்.

அந்த மூன்று நிமிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

உங்கள் கையிலிருந்த பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் முழுக்க அவளைப் படிக்க வைக்க நாங்கள் செய்யாதது இல்லை. திட்டினோம், கைபேசியைப் பிடுங்கி வைத்தோம், நல்ல மதிப்பெண் வாங்கினால் அதைத் திருப்பித் தருகிறோம் என்றோம். எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் களைத்துப்போய், "கணக்கில் உனக்கு எதுதான் புரியவில்லை?" என்று கேட்டேன். பதில் வர ஒரு வாரம் ஆனது. "ஏழாம் வகுப்பில் விட்ட பின்னம்தான் இன்னும் புரியல. இப்போ போய்க் கேட்டால் சிரிப்பாங்க" என்றாள். மூன்று வருடமாக அந்த ஒரு ஓட்டையை மறைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு டெஸ்ட்டையும் எழுதி வந்திருக்கிறாள். நாங்கள் அதற்குச் சோம்பல் என்று பேர் வைத்திருந்தோம்.

அப்புறம் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தோம். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கு அவ்வளவு தெரியாது. அவள் கணக்கு போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் அவளாகவே ஒரு நோட்டு போட்டாள். பரீட்சையில் தவறிய கணக்குகளை மட்டும் அதில் மறுபடி போடுவாள். எந்த இடத்தில் சறுக்கியது என்று சிவப்புப் பேனாவால் வட்டமிடுவாள். 31 வாங்கியவள் இந்த முறை 44 வாங்கினாள். வகுப்பில் அது கடைசி வரிசை மதிப்பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 13 மதிப்பெண்ணை வீட்டில் யாரும் துரத்தி வாங்கவில்லை. அன்று அவள் உங்கள் முன்னால் வந்து நின்றது அதை யாராவது கவனிப்பார்கள் என்ற ஆசையில்தான். கூட்டத்துக்கு முந்தைய நாள் பட்டியலை என்னிடம் இரண்டு முறை எடுத்துக் காட்டினாள்.

கூட்டம் முடிந்து நாலு நாள் அவள் நோட்டைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் கேட்டேன். "நீயும்தானேம்மா தலையாட்டினே" என்றாள்.

இதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை மற்றவர்கள் முன்னிலையில் பேசாதீர்கள். பேசும்போது முதல் வார்த்தையை அந்தப் பிள்ளை பேச விடுங்கள்.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்கு வர வேண்டும், வேலையை முடிக்க வேண்டும், தவறினால் விளைவு உண்டு. இதெல்லாம் வீட்டிலும் உண்டு. ஆனால் அவமானம் கண்டிப்பு ஆகாது. அடுத்தவர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்பது எல்லா வயதையும்விட அதிகமாகச் சுடுகிற வயது இது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் அறியாததல்ல.

ஆசிரியப் பயிற்சியில் நீங்கள் படித்ததையும் நினைவுபடுத்த அனுமதியுங்கள். 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து ஒரு கடினமான வேலையில் தோற்றதும் சீக்கிரம் துவண்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் பல வருடம் ஆராய்ந்து சொன்னது இது: நானாகத் தேர்ந்தேன், என்னால் முடிகிறது, என்னை இவர்கள் தங்களில் ஒருத்தியாக நினைக்கிறார்கள் என்ற மூன்றும் இருந்தால்தான் ஊக்கம் உள்ளிருந்து வரும். அந்த நோட்டில் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதை அன்று நாம் சேர்ந்து எடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் மனதில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. காலை 6.30க்குச் சிறப்பு வகுப்பு வைக்கிறீர்கள், முந்தைய இரவு பதினொரு மணி வரை முடியாத வீட்டுப்பாடமும் தருகிறீர்கள். பிறகு வகுப்பில் தூங்குகிறாள் என்று டைரியில் எழுதி அனுப்புகிறீர்கள். பதின்ம வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பதே இரவில் தாமதமாகிவிடுகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே இந்த வயதுப் பிள்ளைகளின் பள்ளி 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. விடிகாலையில் அந்தப் பிள்ளையை உலுக்கி எழுப்புவது நான். அவள் முகத்தைப் பார்ப்பதும் நான். இதை என்னிடம் சோம்பல் என்று சொல்லாதீர்கள்.

சரி, அதைத் தனியாகப் பேசுவோம். இப்போது கேட்பது ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து நிமிடம் தனியாகத் தாருங்கள். வரிசை வெளியே நிற்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும். இன்னொரு பிள்ளையின் பட்டியல் மேசையில் இருக்க வேண்டாம். "இந்த முறை நீ என்ன முயன்றாய், எங்கே சிக்கினாய்?" என்று அவளிடம் முதலில் கேளுங்கள். அதன் பிறகு எங்களிடம் எவ்வளவு கண்டிப்பாகப் பேசினாலும் கேட்டுக்கொள்கிறோம். ஆசிரியர்களுக்கு நேரம் போதாது என்பது எனக்குத் தெரியும். கூட்டத்தை இரண்டு நாளாகப் பிரித்தால், பெற்றோருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையை நானே செய்து தருகிறேன். உதவிக்கு இன்னும் நாலு பேர் வரத் தயாராக இருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறாள் அவள். நீங்கள் எழுதும் பதிலை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அதை நினைவில் வைத்து எழுத வேண்டுகிறேன்.

பணிவுடன்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்